லாசருக்கு இரண்டாவது மணி

சிலுவைமுத்துவுக்கு முதல் தடவை துக்க மணி அடித்தபோது அவர் கண்ணைத் திறந்து கஞ்சித்தண்ணி கேட்டார்.

சூசைவலசையில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டேதான் தொடங்குவார்கள். ஆனால் அன்றைக்கு அந்த மணியால் ஊருக்கு நேர்ந்தது சிரிப்பதற்கு உரியது இல்லை. அதைப் புரிந்துகொள்ள அந்த ஊர் வழக்கம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி அன்றைக்கு நாலாம் நாள். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் அந்த இரண்டு மாதமும் கடல் நாட்டுப்படகுக்காரர்களுக்கு. சூசைவலசையில் இருபத்தெட்டு வள்ளம். எல்லாரும் நண்டு வலைக்காரர்கள். சாயங்காலம் போய் வலையைப் போட்டுவிட்டு வருவார்கள். விடியற்காலம் போய் எடுப்பார்கள். எடுக்கப் பிந்தினால் மாட்டிய நண்டே வலையைச் சுற்றிப் பின்னிக் கடித்து நாசமாக்கிவிடும். அதோடு கச்சான் காற்றும் கிளம்பிவிட்டால் கேட்கவே வேண்டாம். நீரோட்டம் வலையை இழுத்துக்கொண்டு போய்ப் பாரில், அதாவது கடலுக்கடியில் கிடக்கும் பவளப்பாறையில், போட்டு நார் நாராகக் கிழித்துவிடும்.

இனி வழக்கம். மாதா கோயில் மணி விட்டு விட்டு ஒற்றை ஒற்றையாக விழுந்தால் ஊரில் சாவு. அந்தச் சத்தம் கேட்ட நிமிடத்திலிருந்து அடக்கம் முடியும்வரை எந்த வள்ளமும் கடலில் நிற்கக் கூடாது. பாதி வழியில் போகிறவன் பாதி வழியில் திரும்புவான். வலையைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பவன் அதைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுத் திரும்புவான். சாமியார் போட்ட சட்டமில்லை, சர்க்கார் போட்ட சட்டமும் இல்லை. வள்ளம் வைத்திருந்தவருக்கும் கடல் நின்றிருக்கிறது, பிறந்து மூன்று நாளில் போன பிள்ளைக்கும் நின்றிருக்கிறது. செத்தவர் யாராக இருந்தாலும் கடல் ஒரு நாள் நிற்கும். மரியாதை என்றால் அந்த ஊரில் அதுதான்.

அன்றைக்குக் காலையில் என்ன நடந்தது என்றால், ஏழு மாதமாக ஈரல் நோயில் கிடந்த சிலுவைமுத்துவுக்கு மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. மகள் கிறிஸ்டினா "அய்யா, அய்யா" என்று உலுக்கினாள். பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி ஓடி வந்து மூக்கில் விரலை வைத்துப் பார்த்து, வைத்த விரலை எடுப்பதற்குள் ஓவென்று குரலெடுத்தாள். ஊரிலேயே பெரிய தொண்டை அவளுக்கு. கோயிலில் மணி அடிக்கிற கோயில்பிள்ளை இன்னாசி நேரில் வந்து பார்த்து உறுதி செய்கிற ரகம் இல்லை. குரல் கேட்டது, கயிற்றைப் பிடித்துவிட்டார்.

வலையில் கை வைத்திருந்த இருபத்தெட்டு வள்ளமும் திரும்பிவிட்டன. முற்றம் நிறைந்துவிட்டது. ஆரோக்கியமேரி தாடையைக் கட்டுவதற்கு வெள்ளைத் துணியை நீளமாகக் கிழித்தாள். அந்தச் சத்தத்தில்தான் சிலுவைமுத்து கண்ணைத் திறந்தார்.

"நல்ல துணிய என்னத்துக்குக் கிழிக்கிற? அற்புதம், கொஞ்சம் கஞ்சித்தண்ணி குடு."

அவர் சுற்றிலும் ஈரக் காலோடு நிற்கிற ஆண்களைப் பார்த்தார்.

"மணி அடிச்சுச்சே. யாரு போனது?"

சந்தியாகு மட்டும் வாய் திறந்தான். சிலுவைமுத்துவின் மனைவி அற்புதம்மாளுக்குத் தம்பி முறை அவன். "நீங்கதான் மச்சான்" என்றான்.

சிரித்தார்கள். அழுதுகொண்டிருந்த கிறிஸ்டினாவும் சிரித்தாள். இன்னாசி ஓடிப் போய்க் கோயில் பின்னறையில் ஒளிந்துகொண்டார். சிரித்து முடித்து எல்லாரும் திரும்பக் கடலுக்குப் போவதற்குள் கச்சான் கிளம்பிவிட்டது. ஒன்பது பேருடைய வலை பாரில் போய் ஏறியது. சந்தியாகுவுக்கு ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

அன்றிலிருந்து சிலுவைமுத்துவுக்கு லாசர் என்று பேர். வேதக் கதையில் ஆண்டவர் கூப்பிட்டதும் கல்லறையிலிருந்து எழுந்து வந்த லாசர். அவரே அந்தப் பேரைச் சந்தோஷமாக வைத்துக்கொண்டார்.

அற்புதம்மாளுக்கு மட்டும் அந்தப் பேர் பிடிக்கவில்லை. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. கடலுக்குள் முங்கிப் பாசி எடுக்கப் போகிற பெண்களிலே அவளைப்போல மூச்சுப் பிடிக்கிறவள் சுற்றுவட்டாரத்தில் இல்லை. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பையோடு முங்கினால், மற்றவர்கள் ஒரு கை பாசி பறித்துவிட்டு மேலே வந்து மூச்சு இழுக்கிற நேரத்தில் அவள் மூன்று கை பறித்திருப்பாள். "அக்கா செதிள் முளைச்ச பொம்பள" என்பான் சந்தியாகு. இந்த ஏழு மாதமாக அவள் கடலில் கால் நனைக்கவில்லை. கஞ்சி காய்ச்சுவது, துடைத்து விடுவது, புரட்டிப் படுக்க வைப்பது என்று நாள் போனது. மதுரை ஆஸ்பத்திரியில் இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று நல்லபடியாகவே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

சிலுவைமுத்து வாழ்நாளெல்லாம் நண்டு வலைதான் போட்டார். ஆனால் ஊர் அவரை நினைப்பது வேறொன்றுக்காக. முப்பது வருஷமாகச் சூசைவலசையில் குழி வெட்டியவர் அவர். கடற்கரை மண்ணில் குழி வெட்டுவது லேசான வேலை இல்லை. இரண்டு அடி இறங்கினால் நாலு பக்கமும் சரிந்து உள்ளே விழும். அவர் முதல் நாளே குடம் குடமாகத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, மண் ஒன்றையொன்று பிடித்துக்கொண்ட பிறகுதான் மண்வெட்டியை எடுப்பார். செங்குத்தாக, சுவர் மாதிரி நிற்கும். ஒருவரிடமும் ஒன்றும் வாங்கியதில்லை. டீ கூட அடக்கம் முடிந்துதான்.

வெட்டி முடித்துவிட்டுத் துக்க வீட்டுக்கு வருவார். வந்தால் பேச மாட்டார். ஒரு மூலையில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார், தண்ணீர் எடுத்து ஊற்றுவார், செத்தவனின் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுப்பார். என்ன இப்படி ஊமை மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டால் வேதத்தில் வரும், எல்லாவற்றையும் இழந்து தரையில் உட்கார்ந்த யோபுவின் கதையைச் சொல்வார்.

"யோபுவப் பாக்க மூணு கூட்டாளிக வந்தாகள்ல? ஏழு நாளு அவனோட தரையில உக்காந்திருந்தாக. ஒரு வார்த்த பேசல. அதுவரைக்கும் தங்கமான மனுசங்க. எட்டாம் நாளு வாயத் தொறந்தாக பாரு, அம்புட்டும் போச்சு."

இப்படிப்பட்ட மனிதருக்கே இந்த ஏழு மாதமும் வாயைத் திறக்கிறவர்களாக வந்து சேர்ந்தார்கள். சாயல்குடிப் பக்கத்திலிருந்து தூரத்துச் சொந்தமான உபதேசியார் ஒருவர் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்தார்.

"கஷ்டம் வருதேன்னு கலங்கக் கூடாதும்மா. கடவுள் தனக்குப் புடிச்சவங்களத்தான் சோதிப்பாரு."

அற்புதம்மாள் மூத்திரப் பையை மாற்றிக்கொண்டே தலையை நிமிர்த்தினாள்.

"அப்ப ஒங்கள அவருக்குப் புடிக்காது போலயே. நல்லா வாட்டசாட்டமா இருக்கீக."

கட்டிலில் கிடந்தவருக்குச் சிரிப்பு அடக்க முடியாமல் இருமல் வந்துவிட்டது. உபதேசியார் போன பிறகு, "ஏ புள்ள, பாவம்டி அவரு. எட்டாம் நாளு ஆளு" என்றார்.

இப்படியே நாள் போனது. சித்திரை வெயில் கூரைத் தகரத்தில் இறங்கி வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டது. கட்டிலைக் கடல் பார்த்த வாசலருகே இழுத்துப் போட்டிருந்தார்கள். எதிரே வேலிக்கு அந்தப் பக்கம் சந்தியாகுவின் பெண்டாட்டி செல்வராணி பூவரச மர நிழலில் உட்கார்ந்து, கிழிந்த வலையைக் கோத்துக்கொண்டிருப்பாள். கைக்குழந்தை பக்கத்தில் துணியில் கிடக்கும். காலையிலிருந்து வெளிச்சம் மங்கும்வரை அவள் ஊசி நிற்காது. பழைய துண்டுகளை அவரிவரிடம் கேட்டு வாங்கி, ஒட்டுப்போட்டு, முழு வலையாக்கிக்கொண்டிருந்தாள். சிலுவைமுத்து நாளெல்லாம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

ஒரு நாள் மத்தியானம் சந்தியாகு யாரோ ஒருவர் வள்ளத்தில் கூலிக்குப் போய்க் கிடைத்த நாலு நண்டைக் கொடுத்துவிட்டிருந்தான். அற்புதம்மாள் மிளகு தட்டிப் போட்டு ரசம் வைத்தாள். அவரால் குடிக்க முடியவில்லை. கிண்ணத்தை மூக்கருகே பிடிக்கச் சொல்லி வாசனையை மட்டும் இழுத்தார்.

"நல்லா இருக்கு. நீ குடி."

"நீங்க ரெண்டு வாய் குடிங்க, நான் குடிக்கிறேன்."

"அற்புதம், ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

"கோவப்படுற மாதிரி சொல்லாதீங்க."

"நான் போனப்பறம் மணி அடிக்க வேண்டாம். வள்ளமெல்லாம் வலை எடுத்துக் கரைக்கு வந்தப்பறம் அடிச்சுக்கிரலாம்."

அவள் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். "என்ன பேச்சு இது?"

"எனக்கு ஒரு தடவ கடல் நின்டாச்சு."

"அது தப்பு மணி. அந்த ஆரோக்கியமேரி தொண்டையும் இன்னாசி அவசரமும் சேந்து பண்ணுன கூத்து. அது கணக்குல வராது."

"யாருக்கு வராது? நான் பாத்தனே. எல்லாரும் என்னைய பாக்க ஈரக் காலோட வந்து நின்டாகளே. செத்தவன் எவனும் அதப் பாத்ததில்ல. நான் ஒருத்தன்தான் பாத்திருக்கேன். இதுக்கு மேல என்ன வேணும்?"

"எனக்கு வேணும்" என்றாள் அற்புதம்மாள். குரல் உயர்ந்துவிட்டது. "நாறிக் கெடந்தவனுக்கு வெட்டுனீங்க, கரையில ஒதுங்கின முகமறியாப் பொணத்துக்கு வெட்டுனீங்க. அம்புட்டுப் பேத்துக்கும் கடல் நின்டுச்சு. ஒங்களுக்கு மட்டும் நிக்காம டுர்ருடுர்ருன்னு இஞ்சினப் போட்டுக்கிட்டுப் போவாகளா? நான் அதக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கணுமா? என்னால ஏலாது."

"அங்கன பாரு."

"நான் எங்கனயும் பாக்கல."

"செல்வராணியப் பாரு புள்ள. அந்த வலை எனக்காகக் கிழிஞ்சது. அவ கோத்து முடிச்சு அவன் கடல்ல போடுற அன்னைக்கு நான் போனேன்னு வையி. திரும்பவும் பார்ல ஏறும். ரெண்டு தடவ ஒருத்தன் வயித்துல அடிச்சவன்னு நான் மேல போயி நிக்கவா?"

அவள் சண்டை போடுகிற குரலிலேயே கேட்டாள்.

"லாசரு, லாசருன்னு சிரிக்கிறீகளே. அவன் திரும்பவும் செத்திருப்பான்ல?"

"செத்திருக்கணும். இல்லாட்டி இன்னமும் எங்கனயாச்சும் திரிவான்ல."

"அப்ப யாரு வந்தா? மொதத் தடவ ஆண்டவரே வந்து நின்டு அழுதாருல்ல. ரெண்டாந்தடவ?"

சிலுவைமுத்து யோசித்தார். கோயிலில் எத்தனையோ தடவை கேட்ட கதை. இந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியதே இல்லை.

"அதப்பத்தி ஒண்ணும் எழுதி வைக்கல" என்றார். "சும்மா ஊர்ல ஒரு ஆளு சாவுற மாதிரி செத்திருப்பான். அதிசயம் இல்ல, கூட்டம் இல்ல. அவன் அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் குளிப்பாட்டி அடக்கம் பண்ணியிருப்பாக. எனக்கு அந்தச் சாவு போதும்டி."

"அவளுக அழுதிருப்பாளுக. எழுதுனது ஆம்பளைக. அவுகளுக்கு என்ன தெரியும்?"

"அழுவுறதுக்கென்ன. எழுப்பப் போறோம்னு தெரிஞ்சிருந்தும் ஆண்டவரே அழுதுட்டுத்தான் எழுப்புனாரு. அழுதா விசுவாசம் இல்லேன்னு எவனாச்சும் சொன்னா நம்பாத. நீ நல்லா அழு. வள்ளம் வந்தப்பறம் அழு."

"நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"நான் சத்தியமா கேட்டேன்? சொன்னேன், அம்புட்டுத்தான்."

அவள் ஆறிப்போன ரசத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், அங்கே நின்றே குடித்தாள். உப்பு கூடியிருந்தது. அவளுக்கு அவர்மேல் வந்த கோபம் மூன்று நாள் ஆறவில்லை. ஆனால் சாயங்காலம் அவர் முதுகைத் துடைக்கும்போது எலும்பின்மேல் கை பட்டதும், இந்த மனிதனைப்போல் இன்னொருவன் இந்தக் கரையில் பிறக்கப் போவதில்லை என்ற பெருமையும் கோபத்தோடு சேர்ந்தே வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று பின்னால் நினைத்துக்கொண்டாள்.

வைகாசி பிறந்தது. பங்குச் சாமியார் வந்து நற்கருணை கொடுத்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசுகிற அவஸ்தை எண்ணெயையும் பூசிவிட்டுப் போனார். செல்வராணி வலையைக் கோத்து முடித்தாள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சந்தியாகு அந்த வலையைத் தலையில் சுமந்துகொண்டு முதலில் இந்த வீட்டுக்குத்தான் வந்தான். கட்டில் பக்கத்தில் இறக்கி வைத்தான். சிலுவைமுத்துவுக்கு அப்போது பேச்சு நின்றிருந்தது. கையை எடுத்து வலைமேல் வைத்தார். சந்தியாகு அந்தக் கையைக் கொஞ்ச நேரம் அப்படியே இருக்க விட்டு, பிறகு வலையைத் தூக்கிக்கொண்டு போய்க் கடலில் போட்டுவிட்டு வந்தான்.

மறுநாள் கிழக்கு வெளுக்கிற நேரத்தில் சிலுவைமுத்து இறந்தார்.

இந்தத் தடவை ஐயத்துக்கு இடமில்லை. கட்டிலில் தலைமாட்டில் அற்புதம்மாள் உட்கார்ந்திருந்தாள், கால்மாட்டில் கிறிஸ்டினா. ஒரு மூச்சு வந்தது. அடுத்த மூச்சுக்கு இரண்டு பேரும் காத்திருந்தார்கள். வரவில்லை. அற்புதம்மாள் அவர் கண்ணை மூடிவிட்டாள். ஓவென்று குரலெடுக்க வாயைத் திறந்தாள்.

அப்போதுதான் வேலிக்கு வெளியே காலடிச் சத்தம் கேட்டது. தினமும் கடலுக்குப் போகும்போது சந்தியாகு அங்கே நின்று கேட்டுவிட்டுத்தான் போவான்.

"அக்கா, மச்சான் எப்படி இருக்காக?"

திறந்த வாய் திறந்தபடி இருந்தது. ஒரு குரல் விட்டால் போதும். இருபத்தெட்டு வள்ளமும் கரையில் நிற்கும். அவள் கேட்ட மரியாதை முழுசாகக் கிடைக்கும். நேற்று அவர் கை வைத்த வலை கடலில் கிடந்து, வெயில் ஏறி, காற்று எழும்பி, பாரில் ஏறும்.

கிறிஸ்டினா அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

அற்புதம்மாள் வாயை மூடினாள். முங்குவதற்கு முன்னால் இழுத்துப் பிடிக்கிற மாதிரி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டாள். எழுந்து வாசலுக்குப் போய், வேலிக்கு இந்தப் பக்கமே நின்றாள்.

"தூங்குறாக தம்பி. நீ போயிட்டு வா. வெரசா எடு, இன்னைக்குக் காத்து முந்திக்கிரும் போல."

"சரிக்கா. வந்து பாக்குறேன்."

சொன்னது பொய்யா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். இஞ்சின்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. எந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவே முடியாது என்று சொன்னாளோ, அந்தச் சத்தம் வீட்டு வாசலைத் தாண்டி இருபத்தெட்டுத் தடவை போனது.

"அம்மா, எனக்கு முடியலம்மா" என்றாள் கிறிஸ்டினா, உதடு மட்டும் அசைய.

"முடியும். துணியக் கடிச்சுக்க. அய்யாவக் குளிப்பாட்டணும், தண்ணி எடு."

இரண்டு பேரும் அவரைக் குளிப்பாட்டினார்கள். வெள்ளை வேட்டி கட்டி, விரல்களில் செபமாலையைச் சுற்றினார்கள். அந்த வேலை நடக்கும்போதுதான் செல்வராணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தூக்குவாளியில் கஞ்சியோடு உள்ளே வந்தாள். பார்த்தாள். வாளி சாய்ந்தது. அவள் வாய் திறப்பதற்குள் அற்புதம்மாள் ஈரக் கையால் அந்த வாயைப் பொத்திவிட்டாள்.

"ஒன் வலை மேல வரட்டும்" என்றாள் காதோடு. "அவுக சொல்லிட்டுப் போனது. யாரும் சத்தம் போடக் கூடாது."

செல்வராணிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் அங்கேயே உட்கார்ந்தாள். குழந்தையை மார்போடு அணைத்துப் பால் கொடுத்தாள். அவள் கண்ணீர் குழந்தையின் தலையில் விழுந்துகொண்டே இருந்தது. சத்தம் வரவில்லை.

பிறகு பாசிக்குக் கிளம்பிய பெண்கள் மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். செல்வராணி உதட்டில் விரலை வைத்தாள். அவர்கள் கண்ணாடியையும் வலைப்பையையும் வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். அவர்களைத் தேடி வந்தவர்கள், அவர்களைத் தேடி வந்தவர்கள் என்று வீடு நிறைந்து முற்றம் நிறைந்தது. சேதி காதுக்குக் காது போனது. அழ வந்த ஒவ்வொருத்தியும் அழாமல் உட்கார்ந்தாள். வெங்காயம் கிடந்ததைப் பார்த்து ஒருத்தி உரிக்கத் தொடங்கினாள். அவர் எந்த மூலையில் உட்கார்ந்து என்னென்ன செய்வாரோ அதையெல்லாம் அவர் வீட்டில் இன்று நாற்பது பெண்கள் செய்துகொண்டிருந்தார்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

எல்லாருக்கும் பயம் ஆரோக்கியமேரியைப் பற்றித்தான். அவள் கொஞ்சம் பிந்தி வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். நாற்பது பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, அற்புதம்மாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முகம் சிவந்து நரம்பு புடைத்தது. ஊரில் அன்றைக்கு எல்லாரையும்விடக் கஷ்டப்பட்டவள் அவளாகத்தான் இருக்கும்.

கடைசியாக இன்னாசி. அந்தப் பழைய அவமானம் மறக்காத மனிதர், கட்டிலருகே வந்து மூக்கில் விரலை வைத்துப் பார்த்தார். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். மறுபடியும் விரலை வைத்தார். பிறகு முழங்காலிட்டு அந்தப் பாதத்தில் முத்தமிட்டார்.

"எப்ப அடிக்கட்டும்?" என்று கிசுகிசுத்தார்.

"கடைசி வள்ளம் பார் தாண்டட்டும் அண்ணே. நான் அழுவேன். அது கேட்டதும் அடிங்க."

"சரிம்மா." போய் மணிக்கயிற்றுக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

வெயில் ஏறியது. கூரைத் தகரம் படபடவென்று சத்தம் போடத் தொடங்கியது. அற்புதம்மாள் நினைத்தபடியே காற்று முந்திக்கொண்டது. கடலில் வெள்ளை நுரை தெரிந்தது. அவள் நெஞ்சு வலித்தது. தண்ணீருக்கடியில் காது அடைத்து, கண்ணுக்குள் பூச்சி பறக்கிற நேரம் உண்டு. அப்போது மேலே போகத் துடிக்கிற உடம்பை, இன்னும் ஒரு கை, இன்னும் ஒரே ஒரு கை என்று அதட்டி வைப்பாள். இப்போதும் அப்படியே அதட்டினாள். மூன்று மணி நேரம் அதட்டினாள்.

முதல் வள்ளம் பாரைத் தாண்டி உள்ளே வந்தது. வலை குவியலாகக் கிடந்தது. வாசலில் நின்ற கிறிஸ்டினா விரலைக் காட்டி எண்ணினாள். ஐந்து. பதினொன்று. இருபது. கரையில் இறங்கியவர்கள் வெறுமையாகக் கிடந்த மணலைப் பார்த்தார்கள். நண்டு பிரிக்கப் பெண்கள் ஒருத்தியும் வரவில்லை. ஏதோ நடந்திருக்கிறது என்று மட்டும் அவர்களுக்குத் தெரிந்தது. இருபத்தேழு.

சந்தியாகுவின் வள்ளத்தைக் காணவில்லை. அவன் இஞ்சின் எப்போதும் ஆகக் கடைசிதான். செல்வராணி எழுந்து நின்றாள். முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அலைக்கு நடுவில் ஒரு புள்ளி மேலே வந்தது, கீழே போனது, மறுபடி வந்தது. நுரையைத் தாண்டி அமைதியான தண்ணீருக்குள் வள்ளம் நுழைந்தபோது, நடுவில் அந்த ஒட்டுப்போட்ட வலை ஈரத்தோடு குன்று மாதிரி கிடப்பது கரையிலிருந்தே தெரிந்தது.

"வந்துட்டாரும்மா" என்றாள் கிறிஸ்டினா.

அற்புதம்மாள் கட்டிலுக்குத் திரும்பினாள். அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். ஆழத்திலிருந்து மேலே வந்து தலையைத் தூக்குகிறவளைப்போல வாயைத் திறந்தாள். அந்தக் குரல் சூசைவலசையில் அதுவரை யாரும் கேட்டிராத குரல். அடுத்த நொடி ஆரோக்கியமேரி முந்தானையை உருவி எறிந்தாள். நாற்பது பெண்களும் ஒன்றாகக் கதறினார்கள். கோயிலில் மணி விழுந்தது.

ஆண்கள் ஓடி வந்தார்கள். சந்தியாகு வள்ளத்தைக் கரையேற்றக்கூட நிற்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் குதித்து, கையெல்லாம் நண்டு முள் கிழித்த ரத்தத்தோடு வந்து வாசலில் நின்றான். கட்டிலைப் பார்த்தான். வேட்டியும் செபமாலையும் பார்த்தான். எப்போது நடந்தது என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது.

"தூங்குறாகன்னு சொன்னியேக்கா" என்றான். "காலையில நான் கேட்டப்ப தூங்குறாகன்னு சொன்னியே."

அற்புதம்மாள் அழுகையை ஒரு கணம் நிறுத்தினாள்.

"வலைய எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

"முழுசா?"

"ஒரு துண்டு விடாம எடுத்துட்டேன்க்கா."

"அப்ப அழு" என்றாள்.